ஒரு லோடு கறுப்பு மணல்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. மோட்டார் ஓடுகிற இடத்தில் நடந்த கதை இது. ஆனாலும் எனக்கு இதைச் சத்தமாகச் சொல்ல வராது.

செந்தேரிவிளையில் தண்ணீர்க் கொட்டகை என்று ஒன்று இருந்தது. இப்போது ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. கொட்டகையில் பூட்டுத் தொங்குகிறது, பூட்டிலும் துரு. ஆனால் அந்த வழியாகப் போகிற ஊர்க்காரர் எவரும் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார். காது பழைய சத்தத்தைத் தேடும்.

ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு தட்டுகள். தட்டெல்லாம் ஓட்டை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மேல்தட்டில் விழுந்து, ஒழுகி ஒழுகி அடித்தட்டுக்கு வரும். மழை பெய்கிற மாதிரியே இருக்கும். செம்மணல் தேரிக்காட்டில் மழை தப்பின வருஷங்களிலும் அந்தக் கொட்டகைக்குள் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது.

அந்தத் தண்ணீர் பூமியை விட்டு வரும்போது கண்ணாடி மாதிரித்தான் வரும். ஏமாந்து குடத்தில் பிடித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் சிவந்துவிடும். விட்டுவைத்தால் அடியில் கறுப்பாக ஒரு படிவு. அதில் தோய்த்த வேட்டியும் துரு நிறம், வடித்த சோறும் துரு நிறம். பக்கத்து ஊர்க்காரர்கள் துருச்சோற்று ஊர் என்பார்கள். பெண் கொடுக்க யோசிப்பார்கள். கொட்டகை வந்த பிறகுதான் அந்தப் பேர் போயிற்று.

தட்டுகளில் காற்றுப் பட்டுச் சிவந்த தண்ணீர், இரண்டு சிமெண்டுத் தொட்டிகளில் இடுப்பளவு மணலுக்குள் இறங்கும். அடியில் தெளிந்து வரும். அப்புறம் ஒரு கை பிளீச்சிங் பவுடர். அப்புறம் ஊர்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டது தங்கபுஷ்பம். வயது முப்பத்தாறு. கூட்டிப் பெருக்க வந்தவள். இன்ஜினீயர் வந்த நாளில் இன்ஜினீயரைப் பார்த்தாள். வராத நாளில் தண்ணீரைப் பார்த்தாள். வராத நாள்தான் அதிகம். அப்படித்தான் படித்தாள்.

அவளுக்கு ஒரு சீடர் உண்டு. வயது அறுபத்தொன்று.

அருமைநாயகம் நாற்பது வருஷம் கப்பலில் இருந்தவர். இன்ஜின் அறையில் பாய்லர் சுத்தம் செய்கிற வேலை. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, அதிலிருக்கிற உப்பு குழாய்களில் கல்லாகப் படியும். துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது உள்ளே நுழைந்து கம்பி பிரஷால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். படிவுதான் பாய்லருக்கு எமன் என்று அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சாரங்கு, அதாவது கப்பல் மேஸ்திரி, சொல்லியிருந்தார். குழாய் பளபளவென்று வந்ததும், சாரங்கு அதில் தன் மீசையைப் பார்த்து முறுக்கிக்கொள்வார். அதுதான் பாராட்டு. ஊருக்கு வரும்போது அருமைநாயகம் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் அந்தக் கம்பி பிரஷும்.

கொட்டகைக்கு வருவதற்கு முந்தின வருஷம் அவர் மனைவி ஜெபக்கனி இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அவர் வீட்டைத் தேய்த்தார். தரை, ஜன்னல், பாத்திரம். கடைசியாக அவள் முப்பது வருஷம் தோசை வார்த்த கல்லை எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, கறுப்பெல்லாம் போய் வெள்ளியாகும்வரை தேய்த்தார். அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார். மறுநாள் வார்த்த தோசை கல்லை விட்டு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அதன் பிறகு கடை இட்லி.

ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"தாயி, இந்த வேலையை எனக்குச் சொல்லித் தாரியா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"வீட்டுல சத்தமே இல்ல."

தங்கபுஷ்பம் தன் ஸ்டூலை அவருக்குக் கொடுத்துவிட்டு, தான் படியில் உட்கார்ந்துகொண்டாள். தோசைக்கல் கதையை அன்றைக்கே சொல்லிவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

கொட்டகை ஜன்னலில் ஒரு ஜாண் குழாய்த்துண்டு கிடந்தது. அடைத்துப்போனதென்று அறுத்து எடுத்தது. உள்ளே வளையம் வளையமாகப் படிவு. சிவப்பு, கறுப்பு, நடுவில் மெல்லிசாக வெள்ளை. விரல் நுழைகிற ஓட்டைதான் மிச்சம்.

"இந்த வெள்ளை என்ன தாயி?"

"மழை தப்பின வருஷம். சுண்ணாம்பு கூடி வந்துச்சு."

"இந்தச் சிவப்பு?"

"அடுத்த வருஷம். நீங்க கப்பல்ல இருந்திய."

"கடைசி வளையம்?"

"ஜெபக்கனி அக்கா இறந்த வருஷம்."

அவர் அந்தத் துண்டை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு பிரஷை எடுத்து மற்றக் குழாய்களின் வாயைச் சுரண்ட ஆரம்பித்தார். அவள் தடுக்கவில்லை. தட்டுகளையும் சுரண்டினார். அதையும் தடுக்கவில்லை. பிரஷுக்கென்று சுவரில் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தாள்.

அவருக்குப் பிடிபடாதது மணல் விஷயம்தான்.

வாரம் இரண்டு தடவை தங்கபுஷ்பம் மணலைக் கழுவுவாள். அடியிலிருந்து தண்ணீரைத் திருப்பி விட்டால் மணல் பொங்கும். பிடித்து வைத்த சேறெல்லாம் வாய்க்காலில் போகும். முதலில் கடுங்காப்பி நிறம். பிறகு டீ. பிறகு அரிசி களைந்த கழனி நிறம். கழனி வந்ததும் வால்வை மூடிவிடுவாள்.

"இன்னும் தெளியலையே தாயி."

"போதும் அண்ணாச்சி."

"இன்னும் பத்து நிமிசம் விட்டா பளிங்கா வரும்."

"வரும்."

"பின்ன?"

"பளிங்கை யாரு கேட்டா?"

அவர் தொட்டிக்குள் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு மணியும் கடுகு மாதிரிக் கறுப்பு.

"இது என்ன தாயி, கரியா?"

"பன்னெண்டு வருசம் அண்ணாச்சி."

இப்படிப் பதில் சொன்னால் மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வரும். கப்பலாயிருந்தால் இந்த மணலுக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போவார்.

ஆவணியில் அசனம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லுகிறேன், கோயில் திருவிழாவில் ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது. ஏழை பணக்காரன் என்று கிடையாது, யாருக்கும் அழைப்பும் கிடையாது. பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். கிட்டத்தட்ட ரெண்டாயிரம் இலை விழும். அரிசி களைகிறதற்கென்று பன்னிரண்டு பெண்கள். ஜெபக்கனி கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அதில் ஒருத்தி. துருச்சோறு காலத்திலும் களைந்தாள், வெள்ளைச்சோறு காலத்திலும் களைந்தாள். முதல் தடவை வெள்ளையாய் வடித்த அன்றைக்கு, ஒரு பிடி சோற்றை முந்தானையில் முடிந்து கொண்டுபோய் வீட்டில் வைத்து அழுதாளாம். அவர் அப்போது கடலில். கடிதத்தில் எழுதியிருந்தாள்.

அந்த வருஷம் அவளுடைய இடம் காலி. அருமைநாயகம் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"அவ இடத்துல நான் களையுதேன்."

பெண்களோடு ஆண் உட்காருவதா என்று ஒருவர் முனகினார். அசனத்துக்குத் தலைமைச் சமையல்காரர் வேதமுத்து, அருமைநாயகத்தோடு ஒன்றாம் வகுப்புப் படித்தவர். அவர் சொன்னார்:

"கடல் தண்ணியிலயே கை வச்சவன். கழனித் தண்ணியில வச்சா என்ன? களையட்டும்."

அசனம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின திங்கள்கிழமை, நாகர்கோவிலில் தங்கைக்குப் பிரசவம் என்று தங்கபுஷ்பத்துக்குத் தகவல் வந்தது. சாவியை அவரிடம் கொடுத்தாள்.

"வியாழக்கிழமை வந்திருவேன். பாத்துக்கிடுங்க."

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம பாத்துக்கிடுங்க."

பஸ் போயிற்று. அவர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து மணலைப் பார்த்தார். ஜெபக்கனி கை வைத்த இடத்தில் தான் கை வைக்கப் போகிறோம், அந்த அரிசிக்கு இந்தக் கரிக்குள் இறங்கின தண்ணீரா என்று நினைத்தார். கொட்டகைக்குப் பின்னால் புது ஆற்றுமணல் குவிந்து கிடந்தது. மேலே போட்டு நிரப்புவதற்கென்று எப்போதோ இறக்கினது. சர்க்கரை மாதிரி வெள்ளை.

செவ்வாயும் புதனும் அவர் சோறு தண்ணி பார்க்கவில்லை. இரண்டு தொட்டியையும் காலி செய்தார். சுவரையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தார். வெள்ளை மணலை நாலு தடவை அலசிப் போட்டார். எடுத்த கறுப்பு மணலை வீணாக்க மனம் வரவில்லை. அசனப் பந்தலில் தேரி மணல் கால் புதையும், இதைப் பரப்பினால் உட்கார வாகாக இருக்கும் என்று லோடு ஆட்டோ பிடித்துப் பந்தலுக்கு அனுப்பிப் பரப்பியும் விட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வந்தது. ஒரு டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேரே பிடித்தார். கண்ணாடி. சாரங்கு இருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

வியாழக்கிழமை காலை வேதமுத்து ஒரு வாழையிலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அசனம் என்றால் வியாழக்கிழமை ஒரு படி அரிசியை வடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அந்த வருஷத்து அரிசி எவ்வளவு தண்ணீர் கேட்கிறது என்று தெரிய வேண்டும்.

"வேய் கப்பக்காரரே, இது என்னவே?"

"சோறு."

"எந்தூருச் சோறு?"

அருமைநாயகம் பார்த்தார். சாம்பல் தட்டின பழுப்பு.

"நம்ம ஊருச் சோறுதான். பன்னெண்டு வருசத்துக்கு முந்தினது. எங்கன போயி எடுத்துட்டு வந்தீரு? அண்டாவுல தண்ணி பிடிக்கையில பளபளன்னு இருந்துச்சு. விடிஞ்சு பாத்தா அடியில மை மாதிரி நிக்கி. உம்ம பொஞ்சாதி இருந்தா இந்த இலையை எம் மூஞ்சியில எறிஞ்சிருப்பா."

"லாரித் தண்ணி சொல்லுவமா?"

"லாரித் தண்ணி உப்பு. பருப்பு வேவாது. ரெண்டாயிரம் பேருக்கு வேவாத பருப்பும் துருச்சோறும் போட்டு அனுப்புவோம். பக்கத்து ஊர்க்காரன் பேரன் பேத்தி வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்."

இலையைத் தொட்டிச் சுவரில் வைத்துவிட்டு வேதமுத்து போனார்.

மத்தியானம் பஸ்ஸில் தங்கபுஷ்பம் வந்து இறங்கினாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. இலையைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"வெள்ளையா இருக்கு அண்ணாச்சி."

"ஆமா தாயி."

"அழகா இருக்கு."

வைதிருந்தால் தேவலை. அவர் தலை நிமிரவில்லை.

"தங்கச்சிக்கு என்ன பிள்ள?"

"பொண்ணு. பழைய மணல் எங்க?"

"பந்தல்ல."

"ஆளுக உக்காருத எடத்துலயா?"

"கால் புதையாம இருக்கும்னு..."

அவள் பந்தலுக்குப் போய் ஒரு பிடி கறுப்பு மணல் எடுத்துவந்தாள். இரண்டு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து அவற்றின் கண்ணைக் குத்தித் திறந்தாள். ஒன்றில் கறுப்பு, ஒன்றில் வெள்ளை. அடித்தட்டுத் தண்ணீரை இரண்டிலும் ஊற்றினாள். கீழே இரண்டு டம்ளர். இரண்டிலும் தண்ணீர் ஒன்று போலத் தெளிவாக விழுந்தது.

"என்ன வித்தியாசம் அண்ணாச்சி?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஒண்ணும் தெரியல."

இரண்டிலும் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டு, "நான் சேலை மாத்திட்டு வாரேன்" என்று போய்விட்டாள்.

அவர் டம்ளர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை மணல் டம்ளர் மஞ்சளித்தது. பிறகு பழுத்து, அடியில் கறுப்பு இறங்கியது. மற்றது அப்படியே நின்றது. அவள் திரும்பி வந்தபோது அவர் கேட்டார்:

"சிவப்பைப் பிடிச்சிருக்கு. கறுப்பை ஏன் பிடிக்கல? புது மணலுக்கு என்ன குறை?"

"தண்ணியில கரைஞ்சிருக்கிற கறுப்பு ஒட்டுறதுக்கு எடம் தேடிக்கிட்டே வருது அண்ணாச்சி. முந்தி வந்த கறுப்பு, மணல்ல உக்காந்திருந்தா அதுகூடப் போயி உக்காந்துக்கிடும். வெறும் மணல்ன்னா தாண்டிப் போயிரும். முகம் தெரியாத வீட்டுக்குள்ள யாரு நுழைவா?"

அருமைநாயகத்துக்கு ஒரு துறைமுகம் ஞாபகம் வந்தது. முதல் கப்பல், பத்தொன்பது வயசு. பெயர் வாயில் நுழையாத ஊர். கரையில் பசியோடு கடை கடையாய்த் தாண்டிப் போனார். எந்தக் கடைக்குள்ளும் கால் போகவில்லை. ஒரு கடைக்குள் யாரோ இருமிவிட்டு, சனியன் பிடித்த சளி என்று தமிழில் சொன்னான். அங்கே நுழைந்து உட்கார்ந்தார். நாலு நாள் கப்பல் நின்றது, நாலு நாளும் அங்கேதான் சாப்பாடு.

"இந்த வெள்ளை எப்ப கறுக்கும் தாயி?"

"தானா கறுக்கணும்னா மாசக்கணக்குல ஆவும்."

"ஞாயித்துக்கிழமை?"

"அள்ளிக்கிட்டு வாங்க."

"எதை?"

"நீங்க போட்டதை."

அவர் பந்தலில் முட்டிபோட்டார். சிவப்புத் தேரியின் மேல் கறுப்பு ஒரு விரல் கனம் கிடந்தது. கொட்டாங்கச்சியால் மேலாகச் சுரண்டிச் சுரண்டிச் சட்டியில் சேர்த்தார். அசன வேலைக்குப் போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்த வழிதான்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய? மோதிரமா?"

"இல்ல."

"சாவியா?"

"அழுக்கைத் தேடுதேன்."

முதல் ஆளிடம் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. பத்தாவது ஆளுக்குச் சாதாரணமாக வந்தது. இருபதாவது ஆளிடம், "ஒரு சட்டி கொண்டாந்தா உமக்கும் கிடைக்கும்" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் வேதமுத்து வந்தார், கையில் சோறு கிளறுகிற ரெண்டு முழச் சட்டுவம்.

"எதுக்குவே அது?"

"உம்ம சிரட்டையால அள்ளுனா அடுத்த வருச அசனத்துக்குத்தான் சோறு. தள்ளும்."

கொட்டகையில் தங்கபுஷ்பம் ஒரு தொட்டியை மட்டும் காலி செய்து வைத்திருந்தாள். அருமைநாயகம் முதல் சட்டியோடு தயங்கி நின்றார்.

"தேரி மண்ணு கலந்திருக்கு. ஆடு நடந்திருக்கு. ஒரு தடவை நல்லா தேச்சு அலசிட்டுப் போடட்டுமா தாயி?"

"இதைக் கேக்கது நீங்களா, உங்க கையா?"

அவர் யோசித்தார். "கைதான்."

"கையைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

போட்டார். மத்தியானத்துக்குள் தொட்டி முக்கால்வாசி நிறைந்தது. குறைவுக்கு வெள்ளை மணலை இடையிடையே கலந்தாள். பிறகு அவரிடம் வால்வைக் காட்டினாள்.

"கழுவுங்க."

"நானா?"

அவள் வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அடியிலிருந்து தண்ணீர் ஏறியது, மணல் பொங்கியது. தேரிச் சிவப்பு ரத்தம் மாதிரி ஓடியது. அப்புறம் கடுங்காப்பி. அப்புறம் டீ. அவர் கை வால்வில் இருந்தது. கழனி வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் பளிங்கு. அவருக்கு வேர்த்தது.

மூடினார்.

அவள் திரும்பிப் பார்க்காமலே எழுந்து மோட்டாரைப் போட்டாள். தண்ணீரை ஒரு விரல் கனத்துக்குமேல் விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டம்ளரில் பவுடர் போட்டுப் பார்த்தார்கள். வைக்கோல் நிறம்.

"போச்சா தாயி?"

"இன்னும் பழக்கம் வரல. ஓடட்டும்."

சனிக்கிழமை காலை டம்ளர் எலுமிச்சை நிறம். வேதமுத்து வந்து டம்ளரைப் பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் மறுபடி பார்த்தார்கள். அரைமணி நேரம் டம்ளர் அப்படியே நின்றது. அவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். அப்போதும் அப்படியே நின்றது.

"அண்டா கொண்டாரச் சொல்லுங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

விரல் கனத் தண்ணீரில் பத்து அண்டாவும் நிறைந்து முடிந்தபோது ஞாயிறு விடிந்தது.

அரிசி களைகிற இடத்தில் ஜெபக்கனி உட்காருகிற பலகையில் அருமைநாயகம் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பெண்கள்.

"அண்ணாச்சி, அரிசியை பிரஷ் போட்டுத் தேச்சிராதிய."

"உடைஞ்சா குருணைக் கஞ்சிதான்."

அவர் சிரித்தார். ஒரு தடவை களைந்தார். இரண்டு தடவை. மூன்று தடவை. தண்ணீரில் இன்னும் வெள்ளை ஓடியது.

"இன்னும் ஒரு தண்ணி விடுங்களேன் அண்ணாச்சி, தெளியட்டும்" என்றாள் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி.

"அவ மூணோட நிறுத்துவா" என்று அவர் கூடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

உலை கொதித்து, சோறு வெந்து, பாயில் கொட்டினார்கள். ஆவி அடங்கினதும் வேதமுத்து ஒரு இலையில் ஒரு கரண்டி வைத்து எடுத்துவந்து நீட்டினார்.

"எந்தூருச் சோறுவே இது?"

அருமைநாயகம் இலையை வாங்கிக்கொண்டார். அதில் ஒரு பிடியைத் துண்டில் முடிந்துகொண்டார். வேதமுத்து அண்டாப் பக்கம் திரும்பிக்கொண்டு, விறகு புகைகிறது என்று யாரையோ வைதார்.

அது முடிந்து பத்து நாள் இருக்கும். தங்கபுஷ்பம் கொட்டகைக்கு வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பிரஷ் இல்லை.

"எங்க அண்ணாச்சி?"

"வேலிக்கு அந்தப் பக்கம் எறிஞ்சிட்டேன். அது என் கையில இருந்தா நான் திருந்த மாட்டேன்."

அவர் ஜன்னலிலிருந்த குழாய்த்துண்டை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு கேள்வி தாயி."

"கேளுங்க."

"குழாய்க்குள்ள படிஞ்சதும் இந்தத் தண்ணியில வந்ததுதான். மணல்ல படிஞ்சதும் இந்தத் தண்ணியில வந்ததுதான். அங்க அடைக்கி, இங்க காப்பாத்துது. எதைச் சுரண்டணும், எதை விடணும்னு எப்பிடித் தெரியும்?"

தட்டுகளில் மழை பெய்துகொண்டிருந்தது.

"தோசைக்கல் என்னாச்சு அண்ணாச்சி?"

"தினம் எண்ணெய் தடவி அடுப்புல வைக்கேன். வெங்காயத்தை வெட்டித் தேய்க்கேன். நேத்து ஒரு தோசை வந்துச்சு."

"முழுசாவா?"

"பாதி."

"மீதி?"

"கல்லுல ஒட்டிக்கிச்சு."

"சுரண்டினியளா?"

அருமைநாயகம் மடியில் கிடந்த குழாயின் வளையங்களை விரலால் ஒருதரம் தடவினார்.

"தோசையைச் சுரண்டினேன். கல்லைச் சுரண்டல."

தங்கபுஷ்பம் எழுந்து வெயிலில் இறங்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் குனிந்து தேடினாள். பிரஷை எடுத்து, முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டித் தேரி மணலை உதிர்த்தாள். திரும்பி வந்து அதை அந்த ஆணியிலேயே மாட்டினாள்.